படுத்திருப்பவன் உன்னைத் தேர்ந்தெடுப்பதில்லை

அன்புள்ள மகளுக்கு,

நலம் விசாரிப்புக்கெல்லாம் பதில் பிறகு. முதலில் உன் கேள்வி. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டாய்; அது என்னைத் தூங்க விடவில்லை. “ஐயா, டாக்டருக்குப் படிக்க நீட் எழுதினால் போதும். ராணுவத்தில் நர்ஸ் ஆக நீட்டும் எழுதி, அதற்குமேல் ஒரு பரீட்சை, மனப் பரிசோதனை, நேர்காணல், உடற்பரிசோதனை என்று இத்தனை வாசலா? நர்ஸ்தானே?” கடைசி வார்த்தை உன் பெரியப்பா சொன்னது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய். அடைப்புக்குறிக்குள் போட்டாலும் நீ அதை நம்பத் தொடங்கிவிட்டாய் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

தகவலே தவறு, முதலில். புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர நினைக்கும் பிள்ளையும் நீட்டோடு தப்ப முடியாது. ஆங்கில அறிவையும் தர்க்க அறிவையும் சோதிக்கும் தனித்தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல், மருத்துவக் குழு என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆக, அந்தக் கூடுதல் வாசல்களை வைத்தது படை. நர்ஸ் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“நர்ஸ்தானே” என்பதற்குப் பதிலாக உன் பெரியப்பாவிடம் ஒன்று கேள். இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் பதவிக்கு உயர்ந்த முதல் பெண் யார்? கெர்ட்ரூட் அலிஸ் ராம். ஆண்டு 1976. அவர் விமானம் ஓட்டியவரும் அல்ல, பீரங்கிப் படையில் இருந்தவரும் அல்ல. ராணுவச் செவிலியர் பணியில் படிப்படியாக உயர்ந்தவர். நீ படித்து முடித்து வெளியே வரும்போது லெப்டினன்ட். தெருவில் யார் என்ன நினைத்தாலும் தோள்பட்டையில் நட்சத்திரம் இருக்கும்.

சரி, ஏன் இத்தனை வாசல்? அதைச் சொல்வதற்கு முன் ஒரு மேடைப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அண்மையில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் ஒருவர், புறநானூற்றுக் காலத்திலேயே தமிழனிடம் ராணுவ நர்ஸ் இருந்தாள் என்று முழங்கினார். பலத்த கைதட்டல். அவர் சொன்னது 281ஆம் பாட்டை, அரிசில் கிழார் பாடியது. உனக்கு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். போரில் புண்பட்டு வீட்டில் கிடக்கிறான் கணவன். மனைவி தோழியை அழைக்கிறாள்: இரவ மரத் தழையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகுவோம், யாழும் மற்ற இசைக் கருவிகளும் ஒலிக்கட்டும், மை பூசுவோம், வெண்கடுகைத் தூவுவோம், ஆம்பற்குழல் ஊதுவோம், மணியை அடிப்போம், காஞ்சி பாடுவோம், வீடெங்கும் நறும்புகை இடுவோம், இப்படி அவனைக் காப்போம் வா என்கிறாள். பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், மார்பின் வெட்டுக்காயத்தை நீண்ட வெள்ளூசியால் தைத்ததைப் பாடுகிறார். குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியை அந்த ஊசிக்கு உவமையாக்குகிறார். தையல் போடும் கையைப் பார்த்தவனால்தான் அப்படிப் பாட முடியும். இந்த இரண்டு பாட்டையும் பற்றி நான் நாள் முழுக்கப் பேசுவேன். ஆனால் அவற்றில் ராணுவ நர்ஸ் இல்லை!

281இல் இருப்பவள் மனைவி. அவள் காப்பது தன் கணவனை. பக்கத்து ஊரிலிருந்து படையோடு வந்து, பெயர் சொல்லக்கூட ஆள் இல்லாமல், களத்திலேயே கிடந்தவனுக்கு யார் வேப்பிலை செருகினார்கள்? பாட்டு அதைச் சொல்லவில்லை. தன்னவனைக் காக்க அன்பு போதும். யாரென்றே தெரியாத ஒருவனை, அவன் கத்தினாலும் கைநீட்டினாலும், நள்ளிரவில் எழுந்து, அளவு தவறாமல் மருந்து கொடுத்துக் காக்க அன்பு போதாது. பயிற்சி வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு வேண்டும். இல்லாத பெருமையைப் பழைய பாட்டுக்குள் திணிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் புரியப்போவதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஊரில் ஒரு டாக்டர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொருவரிடம் போகலாம். ராணுவ மருத்துவமனையில் படுத்திருக்கும் சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை. அவன் நினைவிழந்து வந்திருக்கலாம். விழித்துப் பார்த்தால் நீ நிற்கிறாய். அவன் உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே அவனுக்காக முன்கூட்டியே வேறு யாரோ உன்னைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பாடம் தெரியுமா என்று நீட் பார்க்கிறது. அடுத்த தேர்வு உன் ஆங்கிலத்தையும் பொது அறிவுத்திறனையும் பார்க்கிறது. அழுத்தத்தில் உடைவாயா என்பதை உளவியல் சோதனையும், எதிரே உட்கார்ந்தால் நீ எப்படிப்பட்ட ஆள் என்பதை நேர்காணலும் பார்க்கின்றன. மலையிலும் பாலையிலும் உன் உடம்பு தாங்குமா என்பதை மருத்துவக் குழு பார்க்கும். ஒவ்வொருவரும் பார்ப்பது வேறு வேறு. காலம் நீள்வது அதனால்தான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் மாதக்கணக்கில் தகவல் வராமல் இருப்பது உன்னைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

தேர்வே இல்லாத காலம் எப்படி இருந்தது என்றும் பார். பயிற்சி பெற்ற செவிலியர் பத்துப் பேர் இங்கிலாந்திலிருந்து பம்பாயில் வந்து இறங்கிய நாள் 1888 மார்ச் 28. நம் நாட்டில் ராணுவச் செவிலியர் பணியின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு சிப்பாய்க்குக் காய்ச்சல் வந்தால் கவனித்தது பெரும்பாலும் இன்னொரு சிப்பாய்; தேர்வும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினரின் நலத்தை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 1863இல் வந்தது. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று அதில் இருக்கிறது. சண்டையில் செத்தவர்களைவிடச் சாக்கடையாலும் குடிநீராலும் செத்தவர்களே மிகுதி. இதைத் தோண்டி எடுத்ததில் பெரும்பங்கு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைக் கட்டுக்கட்டாகப் படித்து, லண்டனில் இருந்தபடியே கணக்குப் போட்டார்.

நம் பாடப்புத்தகமோ அவர் கையில் ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறது. அந்த விளக்கும் தவறு. படங்களில் வருவது அலாவுதீன் விளக்கு. அவர் பிடித்திருந்தது மடிப்பு மடிப்பாக இருக்கும் துருக்கிக் கூண்டு விளக்கு. அதை விடு. 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் அவர். இதை ஏன் எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தருவதில்லை? காத்திருப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்: 1845இல் சால்ஸ்பரி மருத்துவமனையில் பயிற்சி பெற அனுமதி கேட்டார், வீட்டில் மறுத்துவிட்டார்கள். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் முறையான பயிற்சி கிடைத்தது 1851இல். இடைப்பட்ட ஆண்டுகளில் விடியுமுன் எழுந்து மருத்துவமனை அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். 1854இல் கிரிமியப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது அவரிடம் கேட்டார்கள். காரணம், அவர் தயாராக இருந்தார்.

ஆனால் உனக்கு நான் சொல்ல விரும்பும் ஆள் அவரல்ல, மேரி சீக்கோல். பணி ஓய்வுக்குப் பிறகு, உரையாசிரியர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு நான் படித்த புத்தகங்களில் இந்த அம்மாள் 1857இல் எழுதிய தன்வரலாறும் ஒன்று. படிக்கப் படிக்கச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1805இல் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துப் படைவீரர், தாய் கறுப்பினப் பெண். தாய் விடுதி நடத்தினார். நாட்டு வைத்தியமும் பார்த்தார். நோயுற்ற படை அதிகாரிகள் அந்த வீட்டுக்கு வந்து தங்குவார்கள். மகள் பொம்மைக்கு மருந்து கொடுத்துப் பழகி, பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தார். பனாமாவில் காலரா பரவியபோது அங்கே இருந்து வைத்தியம் பார்த்தார். 1853இல் ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது ராணுவ முகாமுக்குச் செவிலியரை ஏற்பாடு செய்து தரும்படி அதிகாரிகளே அவரிடம் கேட்டார்கள். விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தை நிரப்ப அவருக்குத் தாள் போதாது.

1854 இலையுதிர் காலத்தில் லண்டனுக்கு வந்தார். கிரிமியாவில் படைவீரர்கள் நோயில் மடிகிறார்கள், செவிலியர் வேண்டும் என்று நாளிதழ்கள் அலறிக்கொண்டிருந்த நேரம். போர் அலுவலகத்துக்குப் போனார், நடக்கவில்லை. வேறு துறைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மருத்துவத் துறைக்கு. மரியாதையாகச் சிரித்தார்கள், வேலை கொடுக்கவில்லை. செவிலியர் தேர்வைக் கவனித்த அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் மனைவியைப் பார்க்க அவர் வீட்டுக் கூடத்தில் நெடுநேரம் காத்திருந்தார். தேவையான ஆட்கள் சேர்ந்தாயிற்று என்ற பதில்தான் வந்தது. கிரிமிய நிதிக் குழுவிடம் கேட்டார், அங்கும் இல்லை. குளிர்கால மாலையில் தெருவில் நின்று அழுததையும், என் தோலின் நிறம்தான் காரணமோ என்று நினைத்ததையும் அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பேச்சாளர் என்றால், மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார், இறுதியில் வென்றார் என்று முடிப்பார். அப்படி நடக்கவில்லை. ராணுவம் அவரைக் கடைசிவரை எடுத்துக்கொள்ளவே இல்லை. இறந்துபோன கணவரின் உறவினர் ஒருவரோடு கூட்டு வியாபாரம் தொடங்கி, சொந்தச் செலவில் கப்பல் ஏறினார். பாலக்லாவாவுக்கும் செவஸ்தபோலுக்கும் நடுவில், கரை ஒதுங்கிய மரம், பெட்டிப் பலகை, தகரம் எல்லாம் பொறுக்கி ஒரு கட்டடம் எழுப்பினார். பெயர் பிரிட்டிஷ் ஹோட்டல். அதிகாரிகளுக்குச் சாப்பாடு விற்றார். வந்த சிப்பாய்க்கு மருந்து கொடுத்தார். மருந்தும் உணவும் சுமந்துகொண்டு களத்துக்கே போனார். 1856இல் போர் முடிந்தது, வாங்கி வைத்த சரக்கெல்லாம் தேங்கியது, கடனாளியாகத்தான் லண்டன் திரும்பினார். புத்தகம் எழுதினார். படைவீரர்கள் அவரை மறக்காமல் 1857இல் அவருக்காக நிதி திரட்டும் விழா எடுத்தார்கள். 1881இல் இறந்தபின் ஏறத்தாழ நூறாண்டு உலகம் அவரை மறந்தே போனது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் சிலை வைத்தது 2016இல். நைட்டிங்கேல் தன் செவிலியர் பள்ளியைத் தொடங்கிய அதே மருத்துவமனை. உடனே நைட்டிங்கேல் பெரியவரா, சீக்கோல் பெரியவரா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். பட்டிமன்றம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் தெரிவதில்லை.

சீக்கோலை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தேர்வு வேண்டும் என்று மேலே வாதாடினேன். தேர்ந்தெடுப்பவர்கள் எப்போதும் சரியாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. அமெரிக்க ராணுவம் தன் செவிலியர் படையில் ஆண்களுக்கு அதிகாரிப் பதவி கொடுத்தது 1955இல்தான். நம் ராணுவத்தில் லெப்டினன்ட் செலினா ஜான் 1988இல் திருமணம் செய்துகொண்ட காரணத்துக்காக விடுவிக்கப்பட்டார். விதி அப்படி இருந்தது. அந்த விதி 1995இல் நீக்கப்பட்டது. அவர் வழக்கை விடவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியே அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. ஆகவே “இல்லை” என்று பதில் வரும்போது எந்த “இல்லை” என்று முதலில் பார். இடம் குறைவு என்பதால் வந்த இல்லையா, உன்னிடம் குறை இருப்பதால் வந்த இல்லையா, தேர்ந்தெடுப்பவரின் மனக்கோணலால் வந்த இல்லையா? முதலாவது என்றால் மறுபடி முயற்சி செய். இரண்டாவது என்றால் குறையைத் தீர். மூன்றாவது என்றால் சண்டை போடு, அல்லது வேறு வாசலைத் திற. மூன்றுக்கும் ஒரே மருந்து பொறுமை என்று சொல்பவன் பேச்சைக் கேட்காதே.

உன் விஷயம் பெரும்பாலும் முதல் வகை. ஆயுதப்படைகளின் செவிலியர் கல்லூரிகள் ஆறுக்கும் சேர்த்து அண்மை ஆண்டு அறிவிப்புகளில் 220 இடங்கள். இந்தியா முழுவதிலுமிருந்து பெண்கள் போட்டியிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள் வெளியே நிற்கத்தான் செய்வார்கள்.

இனி வேலையைப் பார்ப்போம். நீட் எழுதிவிட்டால் தானாகவே கூப்பிடுவார்கள் என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். கூப்பிட மாட்டார்கள். நீட் மதிப்பெண்ணை வைத்து, ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு வரும் வாரத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டு போயிற்று. அதோடு, உன் பக்கத்து வீட்டுப் பையன் போகும் ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ ஆள்சேர்ப்பு முற்றிலும் வேறு. அது சிப்பாய் நிலை வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு எவன் பேச்சையோ கேட்டு எங்காவது போய் வரிசையில் நிற்காதே.

அடுத்தது உன் பெயர். நம் ஊர் இனிஷியல் வழக்கம் அருமையானதுதான், ஆனால் மத்திய அரசுப் படிவங்களுக்கு அது பிடிபடுவதே இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து கூட என்று இருந்தால், இப்போதே இ-சேவை மையத்துக்குப் போய்ச் சரிசெய். நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்து வாசலில் நிற்கக் கூடாது. இதெல்லாம் வெட்டிவேலை என்று உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். நாளைக்கு ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள். ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் உனக்குச் சொல்லித்தர வேண்டியிராது. என் நெடுநாள் கொள்கை இது: நர்ஸின் முதல் கருவி பேனா. காய்ச்சல் அட்டையை ஒழுங்காக எழுதாதவள் எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும் ஆபத்தானவள்.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்கிறாய். தமிழ்வழியில் படித்தது குற்றம் என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு. நீ செய்ய வேண்டியது இது: நாள்தோறும் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுது. யார், எப்போது, என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், இவ்வளவுதான். அலங்காரம் வேண்டாம். பணி மாறும்போது அடுத்த செவிலியிடம் சொல்ல வேண்டியதும் இதே வடிவம்தான். உளவியல் சோதனைக்கென்று மனப்பாடப் புத்தகம் விற்கிறார்கள், வாங்காதே. நல்ல பிள்ளை வேஷம் அங்கே நிற்காது. ராணுவம் ஏன் என்று நேர்காணலில் கேட்டால் தேசபக்திப் பேச்சை ஆரம்பிக்காதே. எதிரே இருப்பவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். உன் பாட்டியை நீ கவனித்துக்கொண்டதை எனக்கு எழுதினாயே, அதைச் சொல். படிப்பு முடிந்ததும் ஐந்து ஆண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தம் உண்டு. அதைப் பற்றி உன் அம்மாவிடம் இப்போதே பேசிவிடு. கையெழுத்துப் போடும் மேசையில் அழக் கூடாது.

கடைசியாக, சும்மா காத்திருக்காதே. நம் மாநிலத்தில் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடக்கிறது. அதற்கும் விண்ணப்பி, இடம் கிடைத்தால் சேர். சேருமுன், நடுவில் விலகினால் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரும் விதி என்ன, கட்டணம் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். ராணுவக் கல்லூரி கிடைத்தால் போய்விடலாம். கிடைக்காவிட்டால் பட்டம் வாங்கியபின் குறுகிய காலப் பணி என்ற இன்னொரு வழி இருக்கிறது. 2023 இறுதியில் வந்த அறிவிப்பில் 21 முதல் 35 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. உனக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. ஓர் ஆண்டு போய்விட்டது என்று மூன்று பக்கம் புலம்பியிருக்கிறாய். அந்த மூன்று பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பயிற்சியாவது ஆகியிருக்கும்.

நான் நலம். கண்தான் மங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
உன் தமிழ் ஐயா

பி.கு.: மருத்துவக் குழு பல்லை எண்ணிப் புள்ளி போடும், குறைந்தது 14 புள்ளி வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தால் அதற்காகவும் நிறுத்தி வைப்பார்கள். அழைப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே பல் டாக்டரையும் காது டாக்டரையும் பார்த்துவிட்டு எனக்கு எழுது. முதல் முறை தகுதியில்லை என்று சொன்னாலும் மேல்முறையீட்டுக் குழு உண்டு. அவர்கள் கையில் கொடுக்கும் தாளைப் படிக்காமல் அழுதுகொண்டே ரயில் ஏறிவிடாதே.